தோலில் தெரியும் மருந்து ஒவ்வாமை: கண்டறிவது முதல் சிகிச்சை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உடம்பெல்லாம் சிவந்து தடித்துப் போய் வருபவர்களிடம், தோலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே நான் கேட்பது மாத்திரை அட்டைகளைத்தான். பெரும்பாலானோர் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறார்கள். "வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு இருக்கும்" என்று மட்டும் சொல்வார்கள். அம்மையிலும் டெங்குவிலும் மருந்து ஒவ்வாமையிலும் தோன்றும் சிவப்புத் தடிப்புகள் பல நேரங்களில் ஒன்றைப்போலவே இருக்கும். எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனையாவது நாளில் முதல் புள்ளி தெரிந்தது என்கிற கணக்குதான் அவற்றைப் பிரித்துக் காட்டும். அந்தக் கணக்கை மருத்துவரால் தனியாகப் போட முடியாது. நோயாளியின் வீட்டார் உதவினால்தான் முடியும். அதனால்தான் இதை வீட்டார்க்காகவும், அவர்களை முதலில் சந்திக்கும் செவிலியர், மருந்தாளுநர்களுக்காகவும் எழுதுகிறேன். மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்ற இறுதி முடிவு நேரில் பார்க்கும் மருத்துவருடையது.

முதல் படி: ஆபத்தா என்று பாருங்கள்

என்ன நோய் என்று பெயர் சூட்டுவதற்கு முன்னால், உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை முடிவு செய்ய வேண்டும். ஆபத்து இரண்டு விதமாக வரும்.

முதலாவது, நிமிடக்கணக்கில் வருவது. ஊசி போட்ட அல்லது மாத்திரை விழுங்கிய சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் காணாக்கடி போல உடம்பெங்கும் தடித்து, உதடோ நாக்கோ வீங்கி, குரல் கம்மி, மூச்சிரைத்து, வாந்தியோ மயக்கமோ வருமானால் அது அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை. இதற்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில் தொடையின் நடுவே வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். நம் ஊர்ச் சிற்றூர்க் கிளினிக்குகளில் இன்னும் அவில் என்னும் அலர்ஜி ஊசியும் டெக்சா என்னும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் இருக்கிறது. அவை அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சுக்குழலையும் சரியும் ரத்த அழுத்தத்தையும் உடனே மீட்கும் வேகம் அவற்றுக்கு இல்லை. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள். சட்டென்று எழுப்பி நடக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அறிகுறிகள் தணிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்கலாம் என்பதால், மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, நாள்கணக்கில் மெதுவாக வருவது. பலரும் ஏமாறுவது இதில்தான். கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே உள்நோயாளி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்: 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அரிப்பைவிட வலியும் எரிச்சலும் மிகுந்த தோல், வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் புண், கருஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும் புள்ளிகள், கொப்புளம் அல்லது உரியும் தோல், முகமும் காதும் வீங்குதல், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுதல், மஞ்சள் காமாலை.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். வலிப்புக்கு கார்பமசெபின் தொடங்கிப் பதினைந்து நாளான ஓர் இளைஞருக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும் உடம்பில் புள்ளிகளும் வந்தன. வீட்டில் அம்மை என்று நினைத்து, வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சள் நீர் தெளித்து, மிகுந்த பக்தியோடும் அக்கறையோடும் பார்த்துக்கொண்டார்கள். வலிப்பு வந்துவிடக்கூடாதே என்று மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்து வந்தார்கள். நான்காம் நாள் தலையணையைவிட்டு எழும்போது கன்னத்துத் தோல் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்றுவரை கண்ணில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து இல்லாமல் அவரால் வெயிலில் நடக்க முடிவதில்லை. அந்த நான்கு நாட்களும் மிச்சமாகியிருந்தால் கண்ணின் பாதிப்பு குறைந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். அம்மை என்று தோன்றினாலும், கடந்த எட்டு வாரத்துக்குள் புதிய மருந்து ஏதேனும் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: மருந்து நாட்காட்டி போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, வலது ஓரத்தில் தடிப்பு தோன்றிய தேதியை எழுதுங்கள். அங்கிருந்து எட்டு வாரம் பின்னோக்கி இடது பக்கமாக ஒரு கோடு இழுங்கள். அந்த இடைவெளியில் உடம்புக்குள் போன ஒவ்வொரு மருந்தும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நின்றது என்று சிறு கோடுகளாகக் கீழே வரையுங்கள். "மருந்து எதுவும் சாப்பிடவில்லை" என்று சொல்பவர்களிடம் துருவித் துருவிக் கேட்டால் தலைவலி மாத்திரை, மாதவிடாய் வலி மாத்திரை, கடையில் கேட்டு வாங்கிய வயிற்றுப்போக்கு மாத்திரை, இருமல் மருந்து, கண் சொட்டு மருந்து, ஸ்கேனுக்காக ஏற்றிய சாய மருந்து, மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சத்து மாவு, டானிக் வகைகளையும் விடாமல் எழுதுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள அல்ல, கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மருத்துவர் அதைக் கேட்கிறார்.

அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயர்களை எழுதுவது மிக முக்கியம். நம் நாட்டில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பது சாதாரணம். வணிகப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், அதே மருந்தை வேறொரு பெயரில் வாங்கி மறுபடியும் மாட்டிக்கொள்வார்.

நாட்காட்டி தயாரானதும் இடைவெளியைப் பாருங்கள். நிமிடங்களில் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் காணாக்கடி வகை. ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் சீழ்ப்புள்ளிகளோடு வருவது ஒரு வகை. மருந்து ஒவ்வாமையில் மிகவும் சகஜமான, அம்மை போன்ற தடிப்பு 4 முதல் 14 நாளுக்குள் வரும்; மருந்தை நிறுத்தி ஓரிரு நாள் கழித்துக்கூடத் தொடங்கலாம். தோல் கழன்று, வாயும் கண்ணும் புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கு 4 முதல் 28 நாள். டிரெஸ் எனப்படும் உள்ளுறுப்பையும் தாக்கும் ஒவ்வாமைக்கு 2 முதல் 8 வாரம். வீட்டார் பெரும்பாலும் நேற்றுச் சாப்பிட்ட மாத்திரையைத்தான் சந்தேகிப்பார்கள். உண்மையான காரணம் மூன்று வாரத்துக்கு முன் தொடங்கிய மருந்தாக இருக்கும். காய்ச்சல் வந்ததால் போட்ட பாராசிட்டமாலைக் குற்றம்சாட்டி, அந்தக் காய்ச்சலுக்கே காரணமான மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை.

பல ஆண்டுகளாகத் தினமும் சாப்பிட்டு வரும் மருந்து பொதுவாகச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகள் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் உதடு, நாக்கு வீக்கத்தைத் தரலாம். அந்த வீக்கத்தில் அரிப்போ தடிப்போ இருக்காது. அலர்ஜி மாத்திரைக்கும் அடங்காது.

மூன்றாம் படி: தோல் சொல்வதைப் படியுங்கள்

காணாக்கடித் தடிப்பின் அடையாளம் இடம் மாறுவது. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். வட்டத்துக்குள் தோல் இயல்பாகி, வேறிடத்தில் புதிதாகத் தடித்திருக்கும். 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று, மறையும்போது கறையை விட்டுச் சென்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். திசுப் பரிசோதனை தேவைப்படும்.

நிலைத்த மருந்துத் தடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது நம்மிடையே மிகுதியாக இருந்தும் பலருக்கும் தெரியாத நோய். உதட்டிலோ, கை விரலிலோ, ஆண்குறி முனையிலோ காசு அளவில் வட்டமாகச் சிவந்து எரியும்; சில சமயம் நடுவில் கொப்புளம் கட்டும்; ஆறியதும் நாவற்பழ நிறத்தில் கருநீலத் தழும்பு நிற்கும். அடுத்தமுறை அதே மருந்து உள்ளே போனதும், பெரும்பாலும் அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள், இம்மி பிசகாமல் அதே இடத்தில் மறுபடியும் எரியும். முதல் தாக்குதலின்போது வந்த டி வகை வெள்ளணுக்கள் அந்த இடத்து மேல்தோலிலேயே தங்கிக் காத்திருப்பதுதான் காரணம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் நார்ஃப்ளாக்சசின்–டினிடசோல், ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டு மாத்திரைகள், கோ-ட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், வலிநிவாரணிகள் ஆகியவை வழக்கமான காரணங்கள். பிறப்புறுப்பில் வருவதைப் பால்வினை நோய் என்று தவறாக முடிவு கட்டியதால் கணவன் மனைவிக்குள் பிரிவு வரை போன குடும்பங்கள் உண்டு. "ஒவ்வொரு முறை வயிறு கெட்டு மாத்திரை போடும்போதும் இப்படி வருகிறதா?" என்ற ஒரு கேள்வி அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அக்குள், தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில் சிவந்த தோலின்மேல் குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கான சீழ்ப்புள்ளிகள் காய்ச்சலோடு வருமானால், அதைத் தோல் தொற்று என்று எண்ணிவிட வேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்துகளால் வரும் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். காரணமான மருந்தை நிறுத்தினால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் தோல் உரிந்து அடங்கிவிடும்.

டிரெஸ் வகையில் தோலைவிட முகம் அதிகம் பேசும். கண் இமைகளும் கன்னமும் உப்பி, காது மடல் தடித்து, நெறி கட்டி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் கூடி, கல்லீரல் நொதிகள் உயரும். வலிப்பு மருந்துகள், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால், தொழுநோய்க்கான டாப்சோன் ஆகியவை இதில் முன்னணியில் உள்ளன. மாதவிடாய் வலிக்கு நம் வீடுகளில் தாராளமாகப் புழங்கும் மெஃபெனாமிக் அமிலமும் இதை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் நெறிமுறை ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. எப்போதோ ஒருவருக்கு வருவதுதான் என்றாலும், மாத்திரை போட்ட சில வாரத்தில் காய்ச்சலும் முகவீக்கமும் வந்தால் இந்தத் தகவல் நினைவுக்கு வர வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயும், அதன் முற்றிய வடிவமான நச்சு மேல்தோல் அழிவும். முன்னதை அமெரிக்க மருத்துவர்கள் ஸ்டீவன்சும் ஜான்சனும் 1922-இலும், பின்னதை ஸ்காட்லாந்தில் பணியாற்றிய லயல் 1956-இலும் விவரித்தார்கள். உடல் பரப்பில் 10 சதவீதத்துக்குள் தோல் கழன்றால் முன்னது, 30 சதவீதத்தைத் தாண்டினால் பின்னது, இடைப்பட்டது இரண்டின் கலப்பு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று கொண்டு அளக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் தொண்டை வலி, கண் எரிச்சல், காய்ச்சல் என்று சளிக் காய்ச்சல் போலவே தொடங்கும். பிறகு மார்பிலும் முகத்திலும் நடுவில் கருத்த புள்ளிகள் தோன்றும். உதடு வெடித்து ரத்தப் பொருக்குக் கட்டும். லேசாக அழுத்தி நகர்த்தினால் மேல்தோல் வழுகிக்கொண்டு வரும். இதை மருத்துவர் சோதித்துப் பார்ப்பார்; வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள்.

நான்காம் படி: ஒத்த தோற்றம் தரும் நோய்களை விலக்குங்கள்

தட்டம்மையில் இருமலும் மூக்கொழுகலும் முன்னால் வரும். தடிப்பு காதுக்குப் பின்னால் தொடங்கிக் கீழிறங்கும். டெங்குவில் சிவந்த தோலுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் தெரியும், தட்டணுக்கள் குறைந்திருக்கும். இரண்டாம் நிலை சிபிலிஸ் உள்ளங்கை, உள்ளங்கால்களையும் தாக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சிறு பூச்சி கடித்துப் பரவும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழகத்தில், குறிப்பாக வேலூர் சுற்றுவட்டாரத்தில், நன்கு அறியப்பட்டது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ் என்று மறைவான இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற ஒரு கரும்பொருக்கு இருக்கிறதா என்று ஆடை களைந்து தேடினால்தான் கிடைக்கும். அது கிடைத்துவிட்டால் டாக்சிசைக்ளின் உயிரைக் காக்கும்.

வாய்ப்புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்து, பிறகு தளர்ந்த கொப்புளங்கள் வந்தால் பெம்ஃபிகஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயை நினைக்க வேண்டும். கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிறு திசுவும், அருகிலுள்ள நல்ல தோலிலிருந்து ஒளிரும் சாயப் பரிசோதனைக்கு மற்றொன்றும் எடுத்தால் விடை கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: தேவையான பரிசோதனைகள் மட்டும்

காய்ச்சலோடு வரும் எந்தத் தடிப்புக்கும் ஈசினோஃபில் எண்ணிக்கையோடு முழு ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை போதிய தொடக்கம். சந்தேகம் நீடித்தால் திசுப் பரிசோதனை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு செய்யப்படும் "இருநூறு பொருள்களுக்கான அலர்ஜி" ரத்தப் பரிசோதனையால் இந்த மருந்துத் தடிப்புகளைக் கண்டறிய முடியாது. அந்தப் பட்டியலைப் பார்த்துக் கத்திரிக்காயையும் கருவாட்டையும் விட்டவர்கள், காரணமான மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஊசிக்கு முன் தோலுக்கடியில் சிறிதளவு போட்டுப் பார்க்கும் "டெஸ்ட் டோஸ்" உடனடி ஒவ்வாமையை மட்டுமே, அதுவும் சில மருந்துகளுக்கு மட்டுமே, காட்டக்கூடும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வருமா என்பதை அது சொல்லாது. நோய் ஆறிய பின், மருந்தைத் தோலில் ஒட்டிவைத்துச் செய்யும் பேட்ச் டெஸ்ட் சில மருந்துகளில் உதவும். கடும் ஒவ்வாமை வந்தவருக்கு, உறுதிப்படுத்துவதற்காக அதே மருந்தை மறுபடி வாயில் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

ஆறாம் படி: சிகிச்சை

சந்தேகத்துக்குரிய மருந்தை நிறுத்துவதே சிகிச்சையின் பெரும்பகுதி. ஆனால் வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரலாம். எனவே அதே நாளில் மாற்று மருந்து தொடங்க வேண்டும். கார்பமசெபின், ஃபெனிடோயின், பினோபார்பிட்டோன் மூன்றும் ஒன்றுக்கொன்று குறுக்கு ஒவ்வாமை தருபவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாகும். லெவெடிரசிட்டாம் போன்ற வேறு குடும்பத்து மருந்துக்கு மாறுவதே வழக்கம். காசநோய் மருந்துகளால் கடும் தடிப்பு வந்தால் மருத்துவமனையில் அனைத்தையும் நிறுத்தி, ஆறியபின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். நோயாளி தானாக நிறுத்திவிட்டுக் காணாமல் போய்விடக் கூடாது.

காய்ச்சலும் வாய்ப்புண்ணும் இல்லாத எளிய தடிப்புக்கு செட்ரிசின் போன்ற மாத்திரையும், ஈரப்பதம் காக்கும் களிம்பும், மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு களிம்பும் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். மருந்துக்கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்புகளைத் தடவாதீர்கள். அவை நோயின் தோற்றத்தை மாற்றிவிடுவதால் பிறகு எங்களாலும் அடையாளம் காண முடியாமல் போகிறது.

டிரெஸ் நோய்க்கு உள்ளுறுப்பு பாதிக்கப்பட்டிருந்தால் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். பத்து நாளில் முகம் வடிந்து தெளிந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்களுக்கு நோய் மறுபடி சீறும். தோல் முழுதும் ஆறிய பிறகும் சில மாதங்கள் கழித்துத் தைராய்டு அழற்சி வரலாம். அதற்கான ரத்தப் பரிசோதனையை மறக்கக் கூடாது.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாளியைத் தீக்காயப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோதான் வைக்க வேண்டும். வயது 40-க்கு மேல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-க்கு மேல், புற்றுநோய், தொடக்கத்திலேயே 10 சதவீதத்துக்கு மேல் கழன்ற தோல், ரத்தத்தில் யூரியா உயர்வு, சர்க்கரை உயர்வு, பைகார்பனேட் குறைவு என்று ஏழு கூறுகளுக்கு ஒவ்வொரு மதிப்பெண் இடும் முறை 2000-ஆம் ஆண்டில் வந்தது. ஒரு மதிப்பெண் வரை இறப்பு 3 சதவீத அளவிலும், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் 90 சதவீத அளவிலும் இருக்கும் என்று அதில் கணக்கிட்டார்கள். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் அளவில் குறுகிய காலத்துக்குக் கொடுப்பது இன்று பல இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. ஆனாலும் உயிர் காப்பது பெரும்பாலும் செவிலியரின் கைகள்தான்: நீர்ச்சத்து, உடல் வெப்பம், மூக்குக் குழாய் வழி உணவு, தொற்றுத் தடுப்பு, ஒட்டாத கட்டு. நம் மருத்துவமனைகளில் கிருமி நீக்கிய இளம் வாழையிலையைப் படுக்கையில் விரித்து அதன்மேல் நோயாளியைக் கிடத்துவார்கள். வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், புண்ணில் ஒட்டாது, விலையும் குறைவு. அரைமணி நேரம் முனகிக்கொண்டிருந்தவர் இலையில் கிடத்தியதும் கண்ணயர்வதைப் பார்த்திருக்கிறேன். கண் மருத்துவர் முதல் நாளிலிருந்தே தினமும் பார்க்க வேண்டும். இமையும் விழியும் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க வேண்டும். தேவையானால் பனிக்குடச் சவ்வை (கருவைச் சுற்றியிருக்கும் பையின் உட்சவ்வு) விழிமேல் பொருத்துவார்கள்.

ஏழாம் படி: மறுபடி வராமல் காப்பது

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், மருந்தின் மூலப்பெயர், என்ன வகை எதிர்வினை, எந்தத் தேதி, தவிர்க்க வேண்டிய உறவு மருந்துகள் ஆகிய நான்கும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். "சல்ஃபா அலர்ஜி", "பெயின் கில்லர் அலர்ஜி" என்ற பொத்தாம்பொதுவான குறிப்பு போதாது. அட்டையைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

பரம்பரைக் கூறும் இதில் உண்டு. 2004-இல் தைவானில் கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்த 44 பேரைச் சோதித்தபோது, அத்தனை பேரிடமும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அதன்பின் அமெரிக்க மருந்து நிர்வாகம், ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைத் தொடங்கும் முன் இப்பரிசோதனை செய்யுமாறு 2007-இல் அறிவுறுத்தியது. அலோபியூரினாலுக்கு எச்.எல்.ஏ-பி 58:01, டாப்சோனுக்கு எச்.எல்.ஏ-பி 13:01. ஆகவே உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மருந்து எழுதப்படும்போது குடும்ப வரலாற்றைச் சொல்ல வேண்டும். அலோபியூரினாலைப் பற்றி இன்னொன்று: முழு உடல் பரிசோதனையில் யூரிக் அமிலம் சற்றுக் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும், மூட்டுவலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவருக்கு அதைத் தொடங்குவது தேவையற்ற ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. உண்மையில் தேவைப்படுபவருக்கும் 100 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ தொடங்கி மெல்ல உயர்த்த வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. சிறுவயதில் பெனிசிலின் ஊசிக்குப் பின் ஏதோ தடித்தது என்று வாழ்நாள் முழுதும் அலர்ஜி முத்திரையோடு இருப்பவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேர் அந்த மருந்தைத் தாங்குகிறார்கள். கடும் எதிர்வினை வராதவர்கள், வசதியுள்ள மருத்துவமனையில் சோதித்து அந்த முத்திரையை நீக்கிக்கொண்டால், நல்ல மருந்து ஒன்று அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

கடைசியாக, நடந்ததைப் பதிவு செய்யுங்கள். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியோ வீட்டாரோ கூட இதில் தெரிவிக்கலாம். அழைக்கும்போது அந்த மருந்து நாட்காட்டியையும், அட்டையில் அச்சிட்ட தொகுதி எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.